கல்லும் காற்றும்: பிட்ஸ்பர்க் நகரத்து நியாயஸ்தலம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பென்ஸில்வேனியா மாகாணத்தில், வடக்கிலிருந்து வரும் அலிகெனி நதியும் தெற்கிலிருந்து வரும் மொனாங்கஹேலா நதியும் ஒன்று கலந்து, ஒஹையோ என்ற பெயரோடு மேற்கு நோக்கிப் புறப்படும் முனையில் அமைந்திருக்கிறது பிட்ஸ்பர்க் நகரம். அந்த முனைக்குச் சற்றுக் கிழக்கே ஒரு குன்று உண்டு. 1758-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், பிரெஞ்சுக்காரர்களின் கோட்டையைத் தாக்க வந்த ஜேம்ஸ் கிராண்ட் என்ற பிரிட்டிஷ் தளபதி, அந்தக் குன்றின்மேல் படுதோல்வி அடைந்து சிறைப்பட்டான். தோற்றவன் பெயரே குன்றுக்கும், பின்னாளில் அதன்மேல் போடப்பட்ட வீதிக்கும் நிலைத்துவிட்டது. அந்தக் கிராண்ட் வீதியில், அலிகெனி கவுண்டியின், அதாவது நமது ஜில்லாவைப் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவின், நியாயஸ்தலம் நிற்கிறது. 1888-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டிடத்தைப் பற்றிச் சொல்லப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் அதன் கம்பீரத்தைப் பேசுவார்கள். வளைவுகளின் அழகையும் கோபுரத்தின் உயரத்தையும், சிறைச்சாலைக்கு அது கல்லால் நீட்டியிருக்கும் கையையும் வர்ணிப்பார்கள். அவையெல்லாம் வர்ணனைக்கு உரியவைதாம். ஆயினும் அந்தக் கட்டிடத்தின் ஒவ்வோர் அழகும், கல்லின் குணத்துக்கும் காற்றின் குணத்துக்கும் ஒரு மேதை சிந்தித்துக் கண்ட விடையே என்பதை உணர்ந்து பார்க்கும்போதுதான் அதன் முழுப் பெருமையும் விளங்குகிறது என்பது என் எண்ணம்.

அதே குன்றின்மேல் அதற்கு முன் நின்ற நியாயஸ்தலம் கிரேக்கக் கோயிலின் சாயலில் அமைந்தது. 1882-ஆம் ஆண்டு மே மாதத்தில் அது தீக்கிரையாயிற்று. புதிய கட்டிடத்துக்கென ஜில்லா அதிகாரிகள் சில கட்டிடக்கலைஞர்களை அழைத்துப் போட்டி வைத்தார்கள். 1884-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெற்றி பெற்றவர் ஹென்றி ஹாப்ஸன் ரிச்சர்ட்ஸன். லூயிசியானாவில் 1838-ல் பிறந்து, ஹார்வர்டில் பயின்று, பின்பு பாரிஸ் மாநகரத்தின் புகழ்பெற்ற கலைக் கல்லூரியில் கட்டிடக் கலை கற்றுத் திரும்பியவர் அவர். பாஸ்டன் நகரத்து டிரினிட்டி தேவாலயத்தைக் கட்டி நாடறிந்த பெயர் பெற்றிருந்தார். 1885-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கட்டிடக்கலைப் பத்திரிகையொன்று தன் வாசகர்களிடம் நாட்டின் தலைசிறந்த பத்துக் கட்டிடங்கள் எவை என்று கேட்டபோது, அந்தப் பத்தில் ஐந்து அவருடையவையாக இருந்தன. முதலிடம் பெற்றது டிரினிட்டி தேவாலயம். 1882-ல் அவர் ஐரோப்பாவில் செய்த யாத்திரையில், தென் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் பதினொன்றாம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளின் பழைய தேவாலயங்களையும் மடங்களையும் கண்டு, அவற்றின் கனத்த சுவர்களையும் அரைவட்ட வளைவுகளையும் நெஞ்சில் நிறைத்துக்கொண்டு திரும்பியிருந்தார்.

இவரது வம்சத்தில் ஒரு விசேஷம் உண்டு. இவருடைய தாயார், பிராணவாயுவைக் கண்டறிந்தவர்களுள் ஒருவரான ஜோஸப் பிரீஸ்ட்லியின் பேத்தி. மூடிய கண்ணாடிக் குடுவையில் மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றை ஒரு புதினாத் தளிர் சில நாட்களில் திரும்பவும் தூய்மையாக்கிவிடுகிறது என்று 1771-ல் கண்டவர் பிரீஸ்ட்லி. 1774-ல் பாதரச பஸ்மத்தின்மீது குவிகண்ணாடியால் சூரிய வெப்பத்தைப் பாய்ச்சி, அதிலிருந்து வெளிப்பட்ட வாயுவில் சுடர் பிரகாசமாக எரிவதையும், பின்பு எலி அதில் அதிக நேரம் உயிரோடிருப்பதையும் கண்டவரும் அவரே. இங்கிலாந்தில் அவருடைய சமய, அரசியல் கொள்கைகளின் காரணமாக வீட்டுக்குத் தீ வைக்கப்பட்டு, 1794-ல் கடல் கடந்து வந்து, இதே பென்ஸில்வேனியாவில் தம் இறுதி நாட்களைக் கழித்து 1804-ல் காலமானார். சுவாசிக்கத் தகுந்த காற்று எது, தகாதது எது என்று ஆராய்ந்தே ஆயுளைக் கழித்த அந்த மகானின் கொள்ளுப்பேரனுக்கு, உலகத்திலேயே காற்று மிகவும் கெட்டுப்போன நகரங்களுள் ஒன்றில், நூற்றுக்கணக்கானோர் நாள் முழுதும் உட்கார்ந்து வாதிடவும் நியாயம் வழங்கவும் வேண்டிய ஒரு மாளிகையைக் கட்டும் பொறுப்பு வந்து சேர்ந்தது. சரித்திரத்தில் இப்படிப்பட்ட பொருத்தங்கள் எப்போதாவதுதான் அமைகின்றன.

பிட்ஸ்பர்க்கின் காற்றைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். நகரத்தைச் சுற்றியுள்ள மலைகளுக்குள் புகைமலி நிலக்கரி ஏராளமாகக் கிடைத்தது. இரும்புத்தாது வந்தது, எஃகு போயிற்று. ஆலைகளின் உலைகளிலும், நதிப் படகுகளின் கொதிகலன்களிலும், வீட்டு அடுப்புகளிலும் எரிந்தது அந்த நிலக்கரியே. இத்தகைய கரியில் எளிதில் ஆவியாகும் பொருள்கள் மிகுதி. போதிய காற்றின்றி எரியும்போது அவை முழுவதும் எரிந்து தீராமல், கண்ணுக்குத் தனித்தனியே புலப்படாத அளவுக்கு நுண்ணிய கரித்துகள்களாகத் திரண்டு புகையோடு வெளியேறுகின்றன. நதிப் பள்ளத்தாக்குகளில், குளிர்ந்த கனமான காற்று தரையோடு தேங்கி நிற்கும் நாட்களில், அந்தப் புகை மேலே போக வழியின்றி நகரத்தின்மீதே கவிந்துகொள்ளும். நடுப்பகலில் தெருவிளக்கு ஏற்ற வேண்டியிருந்த நாட்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரையில்கூட அந்த நகரத்துக்குப் பழக்கமானவையே.

புகையோடு வருவது கரித்துகள் மட்டுமன்று. நிலக்கரியில் கலந்துள்ள கந்தகம் எரிந்து வாயுவாகி, மழைநீரிலும் பனித்துளியிலும் கரைந்து, இறுதியில் கந்தக அமிலமாக மாறுகிறது. இந்த அமிலம் சுண்ணாம்புக் கல்லின்மீதோ சலவைக் கல்லின்மீதோ படுமானால், கல்லில் உள்ள சுண்ணாம்புச் சத்து ஜிப்ஸமாக மாறிவிடும். ஜிப்ஸம் மூலக் கல்லைவிட அதிக இடம் கொள்வது. தண்ணீரில் கொஞ்சம் கரைவது. மழை நேரே படும் இடத்தில் அது கரைந்து ஓட, சிற்பத்தின் மூக்கும் விரல்களும் இலைநுனிகளும் சிறுகச் சிறுகத் தேய்கின்றன. மழை படாத மறைவிடங்களில் கரித்துகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கறுத்த பொருக்காகத் தடித்து, கடைசியில் அடியிலுள்ள கல்லையும் பெயர்த்துக்கொண்டு உதிர்கிறது. ஐரோப்பாவின் பழைய தேவாலயங்களில் முகம் இழந்து நிற்கும் அடியார்களின் சிலைகள் பலவும் இந்த ரசாயன மாற்றத்துக்குப் பலியானவை. சுண்ணாம்புச் சத்தினால் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் மணற்கல் வகைகளுக்கும் இதே கதிதான்.

ரிச்சர்ட்ஸன் தேர்ந்தெடுத்தது, மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தின் மில்ஃபர்டு என்னும் ஊர்ப் பக்கத்தில் வெட்டியெடுக்கப்பட்ட இளஞ்சிவப்புக் கருங்கல். நூற்றுக்கணக்கான மைல் தூரம் ரயிலில் அதை ஏற்றி வரவேண்டியிருந்தது. டிரினிட்டி தேவாலயத்தில் வெளிறிய கருங்கல்லோடு செந்நிற மணற்கல்லைக் கலந்து, நிறங்களின் மாறுபாட்டாலேயே சுவர்களை அலங்கரித்தவர் அவர். இங்கே அந்த அலங்காரத்தைத் துறந்தார். சில ஆண்டுகளில் எல்லா நிறத்தையும் ஒரே கருமையாக்கிவிடும் ஊரில் வண்ணத்தை நம்பிக் கட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஒரே கல், ஒரே நிறம். அதன் மேடுபள்ளங்களில் விழும் ஒளியும் நிழலுமே அலங்காரம் என்று அவர் தீர்மானித்தார். இந்தத் தீர்மானத்தைக் காட்டிலும் துணிச்சலான தீர்மானம் அவருடைய வாழ்க்கையில் வேறில்லை என்று நான் கருதுகிறேன்.

அந்தச் சுவரின் ஒரு கல்லை மட்டும் அருகில் நின்று பார்ப்போம். முகப்பு இழைக்கப்படவில்லை, கற்சுரங்கத்தில் பிளந்த முகம் அப்படியே முரடாகப் புடைத்து நிற்கிறது. வெயில் சாய்ந்து விழும்போது அதன் ஒவ்வொரு புடைப்புக்கும் கீழே ஒரு சிறு நிழல் ஒட்டிக்கொள்கிறது. இன்னும் நெருங்கிப் பார்த்தால் மூன்று வகைப் பரல்கள் தெரியும். இளஞ்சிவப்பாகவும், திரும்பும் கோணத்துக்கேற்பச் சட்டென்று மின்னும் தட்டையான முகங்களோடும் இருப்பது ஃபெல்ஸ்பார். அதன் உள்ளே கலந்த மிக நுண்ணிய இரும்புத் துருவே அந்தச் சிவப்புக்குக் காரணம். சாம்பல் நிறத்தில், உடைந்த கண்ணாடிபோல் மங்கலாக ஒளிர்வது படிகக்கல். இடையிடையே கறுப்பாகப் புள்ளி வைத்தாற்போல் இருப்பது காக்காய்ப்பொன் என்று நாம் அழைக்கும் அப்பிரகத்தின் கரிய வகை. ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்தபோது இந்தப் பரல்கள் ஒன்றின் விளிம்பில் ஒன்றாக, இடைவெளியே இல்லாமல் பின்னி வளர்ந்தன. குளிர்ச்சி மெதுவாக நடந்ததனால்தான் அவை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியவையாக வளர அவகாசம் கிடைத்தது. இடைவெளி இல்லாததனால் தண்ணீர் எளிதில் உட்புகாது. சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய இல்லாமையால் கந்தக அமிலத்துக்கு அங்கே உணவில்லை. புகை இந்தக் கல்லைக் கறுப்பாக்கலாம், தின்ன முடியாது.

ஆனால் எந்தக் குணம் கல்லைக் காக்கிறதோ அதே குணம் சிற்பியின் கையைக் கட்டுகிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் சுண்ணாம்புக் கல் 3-ஐ ஒட்டி நிற்க, ஃபெல்ஸ்பார் 6, படிகக்கல் 7. மென்மையான கல்லில் உளி அரிந்து செல்கிறது. கருங்கல்லில் உளி அரிவதில்லை, பரல்களை நொறுக்கித்தான் முன்னேறுகிறது. அன்றியும் ஒவ்வொரு பரலும் தனக்கே உரிய திசையில் பிளக்கும் இயல்புடையது. ஆகையால் பரலின் பருமனைவிட மெல்லிய நுட்பங்களைச் செதுக்க முயன்றால், விரலும் இலைநுனியும் வேலை முடியுமுன்பே தெறித்து விழும். கருங்கல்லில் நிலைத்த சிற்பமெல்லாம் உருண்டு திரண்ட அங்கங்களும் ஆழமான சில வரைகளும் கொண்டு, உடம்போடு உடம்பாக ஒட்டிய கைகால்களோடு விளங்குவது இந்த நியதியினாலேதான்.

இந்த நியதியை ரிச்சர்ட்ஸன் எதிர்த்துப் போராடவில்லை. பழைய பிரெஞ்சுத் தேவாலயங்களின் வாயில்களில் காண்பதுபோல் நூற்றுக்கணக்கான உருவங்களை அவர் வாரி இறைக்கவில்லை. நுழைவாயில்கள், தூண்களின் போதிகைகள், ஜன்னல் வளைவுகள் தொடங்கும் இடங்கள் என்று, பளு ஓர் உறுப்பிலிருந்து மற்றோர் உறுப்புக்குக் கைமாறும் சந்திகளில் மட்டுமே செதுக்குவேலையை நிறுத்திக்கொண்டார். அங்கே பைஸாந்தியப் பாணியில் பின்னிய இலைகளும் கொடிகளும் போதிகையின் உடலை விட்டு விலகாமல் தழுவிக்கொண்டிருக்கின்றன. அவருடைய கட்டிடங்கள் பலவற்றில் செதுக்குவேலை செய்தவர் பாஸ்டன் நகரத்து ஜான் எவன்ஸ் என்னும் சிற்பி. கல்லுக்கு எவ்வளவு சொன்னால் போதும் என்று அறிந்த கை அவருடையது. விஸ்தாரமான முரட்டுச் சுவரில் கண் வெகுதூரம் ஓடிவந்து, திடீரென்று ஓர் இழைத்த போதிகையில் தங்கும்போது, அந்தச் சிறு சிற்பத்துக்குக் கிடைக்கும் மதிப்பு, சிற்பத்தாலேயே நிரம்பிய சுவரில் அதற்குக் கிடைத்திராது. முகப்பு வாயிலின் இரு புறமும் காவலிருக்கும் கற்சிங்கங்களும் இவ்வாறே இயற்கைச் சிங்கத்தின் தோலையும் தசையையும் அப்படியே நடிக்க முயலாதவை. சிங்கம் என்ற கருத்தைக் கல் எவ்வளவு தாங்குமோ அவ்வளவே அவற்றில் உண்டு.

இனி வளைவுகள். கருங்கல் நசுக்கத்தை அசாத்தியமாகத் தாங்கும். ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரம் கிலோகிராமுக்கு மேல் பளு ஏற்றினாலும் நொறுங்காது. ஆனால் இழுப்பைத் தாங்கும் வலிமை அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. இரண்டு தூண்களின்மேல் ஒரு கல் உத்திரத்தைக் கிடத்தினால், அதன் மேற்பக்கம் நசுங்க, அடிப்பக்கம் இழுபடுகிறது. இடைவெளி அகன்றால் அடியில் விரிசல் கண்டு முறிகிறது. கிரேக்கக் கோயில்களில் தூண்கள் நெருங்கி நிற்பது இதனாலேயே. இழுப்பே இல்லாமல், நசுக்கத்தை மட்டுமே கொண்டு அகன்ற வாயிலை மூட வேண்டுமானால் வளைவு தேவை. ஆப்பு வடிவக் கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, தம் பளுவைப் பக்கவாட்டில் இறக்கிக் கீழே கொண்டு சேர்க்கின்றன.

எந்த உருவம் சிறந்த வளைவு என்ற கேள்விக்கு விடை கண்டவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். இரண்டு முனைகளில் பிடித்துத் தொங்கவிட்ட சங்கிலி தன் எடையினால் எந்த உருவம் கொள்கிறதோ, அதைத் தலைகீழாகத் திருப்பினால் அதுவே தன் பளுவைத் தாங்கி நிற்கும் வளைவின் உருவம் என்று அவர் கண்டார். சங்கிலியில் இருப்பது முழுதும் இழுப்பு. தலைகீழானால் முழுதும் நசுக்கம். 1675-ல் இதை எழுத்துக்களைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். புதிரின் விடை உலகத்துக்குத் தெரிந்தது அவர் காலமான பிறகுதான். இந்தக் கணக்கின்படி பார்த்தால் அரைவட்டம் தன் எடைக்கு ஏற்ற உருவமே அன்று. பளுவின் பாதை அரைவட்டத்தின் தோள்களில் உள்முகமாகவும் உச்சியில் வெளிமுகமாகவும் விலகிச் செல்லும். அந்தப் பாதை கல்லுக்கு வெளியே போய்விட்டால் வளைவு மூட்டுகளில் திறந்து சரியும். அது கல்லுக்குள்ளேயே அடங்க வேண்டுமானால் வளைவு ஒரு குறிப்பிட்ட தடிப்புக்குக் குறையக்கூடாது. அந்தக் குறைந்தபட்சத் தடிப்பு ஆரத்தில் ஏறக்குறைய 10.75 சதவீதம் என்று சரியாகக் கணித்தவர் மிலுட்டின் மிலான்கோவிச். பூமியின் சுற்றுப்பாதை மாறுபாடுகளைக் கொண்டு பனியூழிகளுக்குக் காரணம் கூறிப் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற அதே செர்பிய விஞ்ஞானி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிடப் பொறியாளராக இருந்தபோது செய்த கணக்கு இது.

ரிச்சர்ட்ஸனின் காலத்தில் மிலான்கோவிச்சின் கணக்கு இல்லை. ஆயினும் இத்தகைய வளைவு தடித்திருக்க வேண்டும் என்பதை எண்ணூறு ஆண்டுப் பழமையான கட்டிடங்கள் அவருக்குக் கற்பித்திருந்தன. அந்தத் தடிப்பை மறைத்து மெல்லியதாகக் காட்ட அவர் விரும்பவில்லை. வளைவின் ஆப்புக் கற்களைத் தேவைக்கும் அதிகமாக நீட்டி, விசிறியின் மடிப்புகள்போல் விரியவிட்டு, பளு இறங்கும் வழியைக் கண்ணுக்கே காட்டிவிட்டார். உள்ளே செல்லும் பெரிய படிக்கட்டில் இது இன்னும் இனிமையாக நிகழ்கிறது. குட்டையான தூண்களிலிருந்து எழும் அரைவட்டங்கள், ஏறுபவரின் முன்னும் பின்னும் மேலும் கீழும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் புதிய புதிய பிறைகளாக உருமாறுகின்றன. வழக்குக்காக வந்து கலங்கிய மனத்தோடு ஏறுகிற மனிதனுக்கும் இந்தப் படிக்கட்டு மரியாதை செய்கிறது.

நியாயஸ்தலத்தின் பின்புறத்தில் ராஸ் வீதிக்குக் குறுக்கே ஒரே வளைவில் எழும் பாலம், விசாரணைக் கூடத்தையும் சிறைச்சாலையையும் இணைக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெனிஸ் நகரத்தில் அரண்மனைக்கும் சிறைக்கும் இடையே கட்டப்பட்ட பெருமூச்சுப் பாலத்தின் நினைவாக அதே பெயரால் இதையும் அழைக்கிறார்கள். வெனிஸ் பாலம் வெள்ளைக் கல்லில் நுணுக்கமாக இழைத்த ஒரு பேழை. இதுவோ முரட்டுக் கருங்கல். வளைவு எப்போதும் தன் இரு கால்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தள்ளுதலை எதிர்த்து நிற்கப் பக்கத்தில் ஏதேனும் கனம் வேண்டும். இங்கே ஒரு புறம் நியாயஸ்தலத்தின் பளுவும் மறுபுறம் சிறைச்சாலையின் பளுவும் அந்தக் காரியத்தைச் செய்கின்றன.

கோபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்லவேண்டியதில் மிகப் பெரியது அதுதான். கிராண்ட் வீதி முகப்பின் நடுவில் 200 அடிக்கு மேல் எழும் அந்தக் கோபுரத்தை, நகரத்தின் மணிக்கோபுரங்களைப் போலப் பெருமைக்காக எழுப்பியது என்றே பார்ப்பவர் நினைப்பார்கள். உண்மையில் அது கட்டிடத்தின் நாசி. தெருமட்டத்துப் புகைக்கு மேலே உயர்ந்த அதன் உச்சியருகே காற்றை உள்வாங்கி, கோபுரத்தின் உள்வெளி வழியாகவே கீழே இறக்கி, கட்டிடத்தின் அறைகளுக்குப் பகிர்ந்தளிக்க ரிச்சர்ட்ஸன் ஏற்பாடு செய்தார். பின்புறத்தில் உள்ள இரண்டு கோபுரங்கள், அறைகளில் புழங்கிக் கெட்ட காற்றை வெளியேற்றும் குழல்கள். பார்வைக்குக் கோட்டையின் காவற்கோபுரங்களாக நிற்பவை, தொழிலில் கட்டிடத்தின் சுவாசக் கருவிகள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னாலிருக்கும் பௌதிக விதி எளிமையானது. காற்று சூடானால் விரிகிறது. விரிந்தால் அதே கன அளவுக்கு எடை குறைகிறது. நீர் உறையும் குளிரில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.29 கிலோகிராம், மனிதர் வசதியாக உட்காரும் 20 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 1.20 கிலோகிராம். வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 60 மீட்டர் உயரமுள்ள இரண்டு காற்றுத் தூண்களை, ஒன்று குளிர்ந்தும் ஒன்று வெதுவெதுப்பாகவும், பக்கத்தில் பக்கமாக நிறுத்தி அடியில் இணைத்தால், ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஐந்து கிலோகிராமுக்கு மேற்பட்ட எடை வித்தியாசம் உண்டாகிறது. குளிர்ந்த தூண் இறங்கும், வெதுவெதுப்பானது ஏறும். கதவுகளைப் படீரென்று சாத்திவிடக்கூடிய ஓட்டம் அது. குளிர்காலத்தில், அதாவது நகரம் அதிகக் கரியை எரித்து அதிகப் புகையைக் கக்கும் பருவத்திலேயே, இந்த இயற்கை ஓட்டமும் வலுத்திருக்கும். மூடிய கூடத்தில் பலர் கூடியிருக்கும்போது அவர்களுடைய உடல் வெப்பமும் மூச்சும் காற்றை மேலும் சூடாக்கி, தாம் கெடுத்த காற்றைத் தாமே வெளியேற்றத் துணை புரிகின்றன.

இதில் ஒரு வரலாற்றுச் செய்தியும் சேர்ந்துகொள்கிறது. கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த 1880-களின் நடுவில்தான், பிட்ஸ்பர்க்கைச் சுற்றிலும் இயற்கை எரிவாயு ஏராளமாக வெளிப்பட்டது. ரயில் வண்டிக்குக் காற்றழுத்தப் பிரேக்கைக் கண்டுபிடித்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் தம் வீட்டுத் தோட்டத்திலேயே துளையிட்டு வாயுவைக் கண்டார். ஆலைகளும் வீடுகளும் கரியை விட்டு வாயுவுக்கு மாற, நகரத்தின் ஆகாயம் சில ஆண்டுகள் தெளிந்தது. புகை போய்விட்டது, இனி வராது என்றே பலர் நம்பினார்கள். வாயு ஊற்றுகள் தளர்ந்ததும் 1890-களின் தொடக்கத்தில் நிலக்கரி திரும்பி வந்தது. புகையும் முன்னிலும் அடர்த்தியாகத் திரும்பியது. புகைக்காகத் திட்டமிட்ட கட்டிடம், புகை மீண்டபோது ஆயத்தமாக நின்றது.

காற்றுக்கு அடுத்தபடி ஒளி. மின்சார விளக்கு அப்போதுதான் நடமாடத் தொடங்கியிருந்தது. பத்திரங்களைப் படிப்பதற்கும் சாட்சியின் முகத்தை நோக்குவதற்கும் பகல் வெளிச்சத்தையே பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. ஆகவே கட்டிடத்தை ஒரே கனத்த பாளமாக வைக்காமல், நடுவில் விஸ்தாரமான முற்றம் விட்டுச் சுற்றிலும் கட்டினார். அதனால் அறைகளில் பெரும்பாலானவை வெளிக்காற்றையும் வெளிச்சத்தையும் நேராகப் பெறுகின்றன. வீதியில் நின்று பார்ப்பவரை அதட்டும் அதே கருங்கல், முற்றத்துக்குள் நுழைந்தவுடன், அடுக்கடுக்கான ஜன்னல் வளைவுகளின் ஒழுங்கில் சாந்தமடைந்துவிடுகிறது. இந்தக் கட்டிடத்தை அறிய விரும்புகிறவர் முகப்போடு திரும்பிவிடாமல் முற்றத்துக்குள் செல்லவேண்டும்.

சிறைச்சாலை 1886-லேயே முடிந்துவிட்டது. நடுவில் ஒரு மையமும் அதிலிருந்து சிலுவைபோல் பிரியும் கைகளுமாக அமைந்த அதன் திட்டம், மையத்தில் நிற்கும் சில காவலர்களின் பார்வைக்கு எல்லா அறை வரிசைகளையும் கொண்டுவரும் பழைய முறையைத் தழுவியது. பென்ஸில்வேனியாவிலேயே, பிலடெல்பியாவில் ஜான் ஹாவிலண்ட் கட்டிய புகழ்பெற்ற சிறை, 1829-ல் திறக்கப்பட்டது முதல் இந்த முறைக்கு உலகெங்கும் முன்மாதிரியாயிற்று. பிட்ஸ்பர்க் சிறையின் மதில் அலங்காரமே அற்றது. பிரம்மாண்டமான கற்கள், ஒரு வாயில், அதன்மேல் ஒரு வளைவு. கட்டிடக்கலை அறிந்தோர் பலர் நியாயஸ்தலத்தையும்விட இந்த மதிலையே உயர்வாகப் பேசியிருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மனிதனை அடைப்பதற்கென்றே இவ்வளவு திறமை செலவாகியிருப்பதைக் காணும்போது மனம் முழுதாக மகிழ மறுக்கிறது.

ரிச்சர்ட்ஸன் இவற்றில் எதையும் நிறைவடைந்த நிலையில் காணவில்லை. நெடுநாளாகச் சிறுநீரக நோயால் வாடியவர், 1886-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி, 47 வயதில் காலமானார். தம் படைப்புகளில் இந்த நியாயஸ்தலத்தையே அவர் மிகவும் எதிர்பார்த்திருந்தார். ஷெப்லி, ரூட்டன், கூலிட்ஜ் என்ற அவருடைய உதவியாளர்கள் மூவரும் திட்டம் வழுவாமல் வேலையை நடத்த, அவருடைய கட்டிடங்கள் பலவற்றை எழுப்பிய நார்க்ராஸ் சகோதரர்களின் நிறுவனம் கட்டி முடித்தது. நியாயஸ்தலத்தின் சாயலை மினியாபொலிஸ் நகர மண்டபத்திலும் டொராண்டோவின் பழைய நகர மண்டபத்திலும் காணலாம். ஆனால் அவற்றைக் கட்டியவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது கோபுரத்தின் உருவத்தை.

கட்டிடத்துக்கு நேர்ந்த பெரிய துன்பம் புகையினால் வரவில்லை, மண்வெட்டியினால் வந்தது. கிராண்ட் குன்றின் ஏற்றம் வண்டிகளுக்கும் டிராம்களுக்கும் தொல்லையாக இருக்கிறதென்று, 1913-ஆம் ஆண்டை ஒட்டி நகரத்தார் குன்றைச் சீவி வீதியைத் தாழ்த்தினார்கள். பத்தடிக்கும் மேல் மண் போயிற்று. நியாயஸ்தலத்தின் நிலவறைச் சுவர் வெளியே தெரிய, வாயில் அந்தரத்தில் நின்றது. அஸ்திவாரம் ஆழமாகவும் கனமாகவும் இருந்ததால் சுவருக்குச் சேதமில்லை. முதலில் படிக்கட்டுகள் வைத்துச் சமாளித்தார்கள். பின்பு 1920-களில் ஜில்லாவின் கட்டிடக்கலைஞரான ஸ்டான்லி ரௌஷ் வாயில் வளைவுகளைக் கீழ்நோக்கி நீட்டி, பழைய நிலவறை மட்டத்தையே நுழைவிடமாக்கினார். அவர் திறமையாகச் செய்தார். இருந்தாலும் வரும் மனிதனின் பக்கத்தில் அமர்ந்து வரவேற்க வேண்டிய சிங்கங்கள் இப்போது அவன் தலைக்கு மேலே, அவனைக் காணாமலேயே உட்கார்ந்திருக்கின்றன. அதே காலத்தில், இடம் போதவில்லை என்று கட்டிடத்தின்மேல் இன்னும் சில மாடிகள் எழுப்பும் யோசனை ஒன்று கிளம்பியது. அது நிறைவேறாமல் போனதற்கு நன்றி சொல்ல வேண்டும். கூரைக்கும் கோபுரத்துக்கும் உள்ள விகிதம் அழிந்திருந்தால் மிஞ்சியிருப்பது வெறும் கற்குவியலே.

1941-ல் நகரசபை புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் செய்தது. யுத்தத்தினால் தாமதித்து, 1946-ல் ஆலைகளுக்கும் 1947-ல் வீடுகளுக்கும் அது அமலாயிற்று. ஆகாயம் தெளிந்த பிறகு, ஒரு தலைமுறைக்கு மேல் கறுப்பாகவே அறியப்பட்டிருந்த சுவரின் இயல்பான நிறத்தை நகரத்தார் மெல்ல மெல்லக் கண்டுகொண்டார்கள். செதுக்கிய இலைகளின் விளிம்புகள் மழுங்காமலே இருந்தன. முற்றம், நெடுங்காலம் மோட்டார் வண்டிகள் நிறுத்தும் இடமாகச் சீரழிந்திருந்து, 1970-களில் மக்கள் உட்காரும் பூங்காவாயிற்று. 1976-ல் நியாயஸ்தலமும் சிறையும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. சிறைச்சாலை 1995 வரையில் கைதிகளை அடைத்து வைத்திருந்தது. அதன் பிறகு உட்புறம் மாற்றியமைக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றமாகத் திறக்கப்பட்டது. அறை வரிசை ஒன்றின் பகுதியை மட்டும் பழையபடியே விட்டு வைத்திருக்கிறார்கள்.